ஒரே ஓட்டை உள்ள டிவி

5 ஜனவரி 2019, சனி

இந்த வாரம் முழுக்க அம்மா அறை டிவியில் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான். சிங்கப்பூரில் 2018 கடைசியோடு அனலாக் என்கிற பழைய முறை ஒளிபரப்பு நின்றுவிடும் என்று போன வருஷமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். டிஜிட்டல் 2013 கடைசியிலேயே வந்துவிட்டது. ஐந்து வருஷம் இரண்டும் சேர்ந்தே ஓடின. அம்மா அசையவில்லை. நானும்தான்.

டிவி 14 அங்குலம், முதுகு பெருத்தது. பின்னால் ஒரே ஓட்டை, அதுவும் ஏரியலுக்கு. படத்துக்கும் சத்தத்துக்குமான மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி ஓட்டைகள் எதுவும் இல்லை. புதுசு வாங்கிடலாம் என்றேன். "கூடத்துல புதுசுதானே இருக்கு? அதுல உன் பையன் பந்து பார்க்கிறான். எனக்கு இது போதும், தம்பி" என்றார். அவருக்கு வேண்டியது இரண்டு: வசந்தம் தமிழ்ச் சேனல், அப்புறம் டெக்கில், அதாவது பழைய வீடியோ கேசட் பெட்டியில், அக்கா கல்யாண டேப்.

6 ஜனவரி, ஞாயிறு

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் கொடுத்த 100 வெள்ளி சலுகையில் எப்போதோ வாங்கி, பிரிக்காமலே கிடந்த டிஜிட்டல் பாக்ஸை எடுத்தேன். கூடத்து டிவியில் மாட்டிச் சேனல்களைப் பிடித்துவிட்டு அம்மா அறைக்குக் கொண்டுவந்தேன். பாக்ஸின் பின்னால் ஏரியலுக்கு ஒரு உள்வழி, ஒரு வெளிவழி. வெளிவழியை டிவியில் சொருகிவிட்டு அரை மணி நேரம் சேனல் தேடினேன். ஒன்றும் வரவில்லை. வராது. ஏரியலில் வந்த டிஜிட்டல் அலையை அப்படியே அடுத்த பாக்ஸுக்குத் தள்ளிவிடும் வழி அது. பாக்ஸ் பிரித்தெடுத்த படம் ஏவி ஓட்டையிலும் எச்டிஎம்ஐயிலும்தான் வரும், இந்த டிவியில் இரண்டுமே இல்லை.

இன்னொன்று, அம்மா ஜன்னலுக்கு நேரே எதிர் புளோக். ஏரியலை அங்கே வைத்தால் பாக்ஸே திக்கித் திணறுகிறது. ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில்; எங்கள் ஆங் மோ கியோவிலிருந்து மேற்கே. கூடத்து ஜன்னல் அந்தப் பக்கம் திறந்திருக்கிறது. ஏரியலை அங்கே வைத்து, சுவரோரமாகப் பத்து மீட்டர் கம்பி இழுத்தேன்.

12 ஜனவரி, சனி

அக்கா போனில் கேட்டாள்: "டேய், டெக்கைத் தூக்கிப் போட்டாச்சா? அதுல ஏவி இன் இருக்குமே."

தலையில் அடித்துக்கொண்டேன். டெக்குக்குள்ளேயே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம் இருக்கிறது. ஏவியில் வருகிற படத்தையும் சத்தத்தையும் யூஎச்எஃப் அலைவரிசையில் 36ஆம் சேனலாக மாற்றி ஏரியல் கம்பி வழியே டிவிக்கு அனுப்பும். பாக்ஸிலிருந்து டெக், டெக்கிலிருந்து டிவி. அவ்வளவுதான்.

டிவியின் முன்பக்க மூடியைத் திறந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பல்சக்கரம், அரிசி அளவு. நகத்தால் மெல்லத் திருப்பினேன். இரைச்சல் அடங்கி, திரை இருண்டு, சாய்ந்த கோடுகளுக்குள்ளிருந்து செய்தி வாசிப்பவர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அகலப் படம் என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. பாக்ஸில் அதை மாற்றினால் திரை நிறையும், ஆனால் இரு பக்கமும் வெட்டுப்படும், ஆங்கில வசன வரியின் முனைகளும் சேர்த்து. அம்மாவிடம் சொன்னேன். "அதை யார் படிக்கிறா?" என்றார்.

14 ஜனவரி, திங்கள்

போகி. அம்மா தூசி தட்டும்போது டெக்கின் சுவிட்சை அணைத்திருக்கிறார். திரும்பப் போட்டதும் டெக் ஏவியை மறந்து பழைய சேனல் ஒன்றில் போய் நின்றது. எனக்கு அலுவலகத்தில் போன் மேல் போன். ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று போனில் விளக்க முயன்றேன். டேப் வெளியே வந்துவிட்டது. செய்தி பார்க்க டெக்கும் ஓடவேண்டும் என்கிற ஏற்பாடே தப்பு.

சாயங்காலம் மாமா பையனிடமிருந்து ஒரு மாடுலேட்டர் வாங்கி வந்தேன். அவன் ஹாங்காங்கில் வேலை பார்த்தபோது வாங்கியது. டெக் செய்கிற அதே மாற்றத்தை மட்டும் செய்யும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. டெக்கிலிருந்து வரும் கம்பி இதன் உள்வழியில், பாக்ஸின் ஏவி இதில், வெளிவழி டிவிக்கு. கூடத்து ஏரியல் பாக்ஸோடு நின்றுவிடவேண்டும், இந்தச் சங்கிலிக்குள் வரக்கூடாது.

முதலில் வலை பின்னியதுபோல் திரை முழுக்கக் கோடு. இதுவும் 36, டெக்கும் 36; ஒரே இடத்தில் இரண்டு பேர். மாடுலேட்டரை 42க்குத் தள்ளினேன். படம் கண்ணாடி. சத்தம்தான் வாணலியில் கடுகு பொரிகிற மாதிரி. கம்பியை மாற்றினேன், ஒலியைக் குறைத்தேன், பலனில்லை. கடைசியில் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சின்ன சுவிட்ச், 'ஐ' என்ற எழுத்தில். அது ஹாங்காங் முறை; அதில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர் 'பி/ஜி' முறையில் 5.5. பேனா முனையால் சுவிட்சை அதற்கு நகர்த்தினேன். கடுகு அடங்கியது.

15 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். இப்போது எண் 1 வசந்தம், எண் 2 டெக். டெக் அணைந்திருந்தாலும் 1 ஓடுகிறது. நானே மூன்று முறை அணைத்துப் பார்த்தேன். அக்கா வந்ததும் கல்யாண டேப்பைப் போட்டோம். பாதியில் டேப் கொஞ்சம் சுருண்டிருக்கிறது. அங்கே மட்டும் மாப்பிள்ளைக்கு இரண்டு தலை. அத்தான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் என் பையன் விளையாட்டுப் பெட்டியோடு வந்து டிவியின் பின்னால் எட்டிப் பார்த்தான். அம்மா ரிமோட்டைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்: "மூணாம் நம்பர் சும்மாதானே இருக்கு, அவனுக்கு அதைக் குடுத்திடலாமா?"