அம்மாவின் இளைப்பும் முற்றத்து நடையும்

அம்மா ஆயுசில் ஒரு பீடி தொட்டதில்லை. ஆனால் பகலெல்லாம் அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை), காலையும் மாலையும் விறகடுப்பு என்றுதான் அவள் காலம் போனது. ஸ்பைரோமெட்ரியில் ஊதவைத்துப் பார்த்த டாக்டர் சி.ஓ.பி.டி., அதாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார். அதுவரை நாங்கள் சொல்லிவந்த பெயர் இளைப்பு. முன்பு காட்டிய ஓரிடத்தில் இருமல் மருந்தைத் தந்து, "ஒரு வேலையும் செய்யாதீங்க, ஓய்வா இருங்க" என்று அனுப்பியிருந்தார்கள். அந்த ஓய்வுதான் அவளை இன்னும் கெடுத்தது. உட்கார்ந்தே இருந்ததில் தொடைச் சதை வற்றி, கிணற்றடி போய்வருவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கினாள்.

கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் காலுக்கு வலு வந்தால் அதே வேலைக்கு மூச்சு குறைவாகத்தான் வாங்கும். இதைப் புதிய டாக்டர் பொறுமையாகச் சொல்லி, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு எழுதிக்கொடுத்தார். எட்டு வாரம், வாரம் இரண்டு நாள். எங்கள் வீடு அருமனைப் பக்கம். மார்த்தாண்டம் வந்து பஸ் மாறி நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் அம்மா தளர்ந்துவிடுவாள். பிசியோதெரபிஸ்டே வீடியோ காலில் செய்யலாம் என்றார். அமெரிக்க மார்பு நோய் மருத்துவச் சங்கமும் 2023 வழிகாட்டுதலில், மையமா வீட்டிலிருந்தே தொலைவழியா என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்க விடச் சொல்லியிருக்கிறது.

முதல் நாள் மட்டும் நேரில்தான். ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, 30 மீட்டர் வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம், ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டார்கள். வீட்டில் எவ்வளவு வேகம் நடக்கலாம் என்பதே அதிலிருந்துதான் முடிவாகிறது. இதைச் செய்யாமல் யாரும் பயிற்சியைத் தொடங்க வேண்டாம்.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. முற்றத்தில் பிளாவின் (பலா மரத்தின்) அடியில் கிடைக்கும். ஸ்டூலில் போனைச் சாய்த்து, முகமும் காலும் தெரிகிற மாதிரி வைப்பது என் வேலை. நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படி ஏறி இறங்குவது, கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மூச்சு முட்டினால் மூக்கால் இழுத்து, கட்டன் சாயாவை ஆற்றுவது போல உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தாலும் அப்படித்தான்.

ஒரு மழைநாளில் ஆக்சிமீட்டர் 84 காட்டியதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிசியோ பதறவில்லை. "பாட்டிக்கு எப்படி இருக்கு, பேசறாங்களா? விரல் குளிர்ந்திருக்கான்னு பாருங்க" என்றார். ஐஸாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டி, எண் நிலைக்கும்வரை காத்திருந்தோம். 94.

எண்ணைவிடப் பெரிய சிக்கல் அம்மாவின் வாய். மூச்சுத்திணறலுக்குச் சுழியத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் சொல்ல வேண்டும். மூன்று, நான்கில் இருந்தால் சரியான வேகம். அம்மாவோ எப்போது கேட்டாலும் "ஒண்ணுமில்ல பிள்ளே" என்பாள். அந்த பிசியோ பெண் கெட்டிக்காரி. "பாட்டி, நடந்துகிட்டே மீன்குழம்பு எப்படி வைக்கணும்னு சொல்லுங்க" என்று கேட்டார். தேங்காய் அரைப்பதுவரை முழு வாக்கியமாக வந்தால் வேகம் கூட்டுவார். புளி கரைக்கும்போதே இரண்டிரண்டு வார்த்தையாக உடைந்தால் உட்காரச் சொல்வார். தொலைவிலிருந்து கண்காணிப்பது என்றால் இதுதான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. வெறும் வீடியோவை அனுப்பிப் பார்த்துச் செய்யச் சொல்லியிருந்தால் அம்மா ஒரு வாரம்கூடத் தாண்டியிருக்க மாட்டாள்.

இடையில் ஐப்பசி மழையில் சளி மஞ்சளாகி இளைப்பு கூடியது. பயிற்சியை நிறுத்தி டாக்டரிடம் காட்டினோம். தேறியதும் விட்ட இடத்தில் தொடங்காமல் பாதி அளவில் தொடங்கினோம். சமையலும் கேஸுக்கு மாறிவிட்டது.

கடைசியில் மறுபடி அதே வராந்தா. நடந்த தூரம் 30 மீட்டர் கூடினாலே பலன் என்று கணக்காம். அம்மா அதைத் தாண்டிவிட்டாள். இப்போது கிணற்றடிக்குப் போய்க் குடத்தோடு வருகிறாள். "மக்களே, நீ வெலகு" என்று என்னைத் தள்ளிவிடுகிறாள்.

70 வயதுக்குள் சி.ஓ.பி.டி.யால் இறப்பவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ஏற்கெனவே பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். அவர் கொண்டுவரும் பையில் ஒரு ஆக்சிமீட்டரும், இடைநாட்களில் ஒரு வீடியோ காலும் சேர்ந்தால் எங்கள் பக்கத்து அண்டி ஆபீஸ் பெண்கள் எத்தனையோ பேருக்கு இது எட்டும். கிராம சபையில் மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் கேளுங்கள்.