அரிசோனாவில் நடக்கப் போகிறீர்களா? உயரத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில், அரிசோனாவில் இருக்கும் பிள்ளைகளிடம் போகிறோம், அங்கே எங்கே நடக்கலாம் என்று கேட்டு, திருகோணமலை உவர்மலையில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் அநேகமாகக் கைபேசியில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். சிவப்பும் மஞ்சளுமாக வரிவரியாகச் சுருண்டு கிடக்கும் ஒரு பாறை. இல்லையென்றால் நீலப்பச்சைத் தண்ணீர் கொட்டும் ஓர் அருவி. முதலாவது ‘தி வேவ்’. ஒரு நாளைக்கு 64 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் குலுக்கலில். இரண்டாவது ஹவாசு அருவி. ஹவாசுபாய் பழங்குடி மக்களின் நிலம் அது. முன்கூட்டியே பதிவு செய்து, முகாமிடம் வரை 16 கிலோமீற்றர் நடந்து, இரவு தங்கித்தான் திரும்ப வேண்டும். கிடைத்தால் போய் வாருங்கள். கிடைக்காவிட்டால் குடி ஒன்றும் முழுகிப் போகாது.

நான் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடங்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். பீனிக்ஸுக்குப் பக்கத்தில் சான்ட்லரில் இருக்கும் அக்கா வீட்டில் போய் நின்றபோது, பழக்கதோஷத்தில் முதலில் எடுத்துப் பார்த்தது சமவுயரக்கோட்டு வரைபடத்தைத்தான். இலங்கையைப் போல நாலரை மடங்கு பெரிய மாநிலம். தென்மேற்கு மூலையில் கொலராடோ ஆறு மெக்சிக்கோவுக்குள் இறங்கும் இடம் கடல்மட்டத்துக்குச் சற்று மேலே. வடக்கே ஹம்ப்ரீஸ் சிகரம் 3,851 மீற்றர். எங்கள் பிதுருதலாகலையை விட ஆயிரத்து முந்நூறு மீற்றர் கூட. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குளிரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? அரிசோனாவில் இடம் தேட அந்த ஒரு கணக்குப் போதும். எந்த மாதம் போகிறீர்கள் என்று பாருங்கள், அந்த மாதத்துக்கு எந்த உயரம் ஒத்துவரும் என்று பாருங்கள். அழகான இடம் அந்த உயரத்தில் எப்படியும் இருக்கும்.

கார்த்திகையிலிருந்து பங்குனி வரை என்றால் தாழ்நிலம். பீனிக்ஸும் டூசோனும் இருக்கும் சொனோரன் பாலைவனம். பாலைவனம் என்றதும் வெறும் மணல் என்று நினைக்க வேண்டாம். அங்கே வருடத்தில் இரண்டு தடவை மழை பெய்யும், மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று. அதனால்தான் காடு மாதிரி அடர்ந்து கள்ளி நிற்கிறது. டூசோன் நகரத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு துண்டாக இருக்கிற சவாரோ தேசியப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். சவாரோக் கள்ளி பன்னிரண்டு மீற்றருக்கு மேலும் வளரும், நூற்றைம்பது வருடம் தாண்டியும் நிற்கும். முதல் கை முளைக்கவே ஐம்பது, எழுபது வருடம் பிடிக்கும். கை இல்லாமல் ஒற்றைத் தடியாக நிற்கிற ஒன்றைக் காட்டி, “தம்பி, இது உன்னை விட மூப்பு” என்றா அக்கா. இருக்கலாம். குட்டிக் கள்ளி எல்லாம் பாலோ வெர்டே மரத்தின் நிழலில்தான் முளைத்து வருகிறது. பச்சைத் தோல் மரம் அது, இலையை விடத் தண்டும் கிளையும்தான் பச்சை.

சவாரோ ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியது சொய்யாக் கள்ளிக்கு. அதன் துண்டுகள் லேசாக உரசினாலே கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். மருமகனின் கெண்டைக்காலில் ஒன்று, தேசிக்காய் அளவு, காற்சட்டையையும் துளைத்துக்கொண்டு பிடித்துவிட்டது. கையால் இழுக்கப் போனேன், அக்கா கத்திவிட்டா. இழுத்தால் கையிலும் ஒட்டும். முள்ளில் பின்நோக்கிய நுண்கொக்கிகள் இருக்கின்றன. அவ பையிலிருந்து அகலப் பல் சீப்பு ஒன்றை எடுத்தா. “இதுக்கெண்டே வச்சிருக்கிறன்.” தோலுக்கும் உருண்டைக்கும் நடுவில் சீப்பை மெல்லச் சொருகி, ஆள் இல்லாத பக்கமாக ஒரே சுண்டு. உருண்டை பறந்தது. மிஞ்சிய முள்ளை ஒவ்வொன்றாகக் குறடால் பிடுங்கினோம். ஒவ்வொன்றுக்கும் தோல் சிறு கூடாரமாக எழும்பி, பிறகுதான் விட்டது. அங்கே நடக்கிறவர்கள் பலர் சீப்புக் கொண்டு போகிறார்கள். நீங்களும் வாங்கி வையுங்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு மிதப்பு உண்டு. கச்சான் காற்றடிக்கும் காலத்தில் நிலாவெளி றோட்டில் சைக்கிள் ஓடியவனுக்கு வெயிலா புதிது என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இங்கே வியர்வை வழிகிறது, அதனால் தண்ணீர் குடிக்கிறோம். அங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும், சட்டை நனையாது, உடம்பில் தண்ணீர் குறைவது தெரியாது. 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 பாகைக்கு மேல் அடித்தது. கடும் வெப்ப எச்சரிக்கை விடும் நாட்களில் கமல்பாக் மலை மாதிரி நகரத்துக்குள் இருக்கிற பாதைகளைப் பகலில் மூடியே விடுகிறார்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து, உப்பும் உள்ளே போக வேண்டும். வறுத்த உப்புக் கச்சான் கடலையும் தேசிக்காய் ஊறுகாயும் பையில் இருந்தால் சரி.

ஆடி, ஆவணியில்தான் லீவு கிடைக்கிறதா? மேலே ஏறுங்கள். பீனிக்ஸிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் பிளாக்ஸ்டாஃப், 2,100 மீற்றர். கள்ளி போய், சவுக்கு மாதிரித் தெரிகிற பொண்டரோசா பைன் காடு வந்துவிடும். டூசோனில் இருந்தால் லெமன் மலை. அடிவாரத்தில் சவாரோ, உச்சியில் பனிச்சறுக்கு இடம். நடுவில் மலைப்பாதை ஏறத்தாழ 43 கிலோமீற்றர். செடோனாவின் சிவப்பு மலைகள் பாலைவனத்துக்கும் பைன் காட்டுக்கும் இடைப்பட்ட உயரம். படத்தில் வருவதைப் போலவே இருக்கிறது, வாகனம் நிறுத்த இடம் தேடுவதுதான் படத்தில் வராது.

கிராண்ட் கேன்யனைப் பார்க்காமல் வரமாட்டீர்கள், தெரியும். ஆனால் விளிம்பில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், கொஞ்சமாவது இறங்குங்கள். தெற்குக் கைபாப் பாதையில் ‘ஊ ஆ முனை’ என்ற இடம் வரைக்கும் போதும், ஒன்றரைக் கிலோமீற்றர் கூட இல்லை. கிட்டத்தட்ட இருநூறு மீற்றர் இறக்கம். சிவனொளிபாதமலை ஏறிப் பழகியவர்களுக்கு அங்கே கணக்குத் தலைகீழாகிவிடும்: தெம்பு இருக்கும்போது இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். அந்தப் பாதையில் தண்ணீர்க் குழாயே இல்லை. ஆற்றைத் தொட்டுவிட்டு அன்றைக்கே ஏறி வந்துவிடலாம் என்று மட்டும் புறப்பட வேண்டாம். பூங்காக்காரரே எல்லா இடத்திலும் எழுதி வைத்து எச்சரிக்கிறார்கள்.

பள்ளத்துக்குள் எழும்பி நிற்கிற மலைகளின் பெயரைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிவன் கோயில், விஷ்ணு கோயில், பிரம்மா கோயில். கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் 1880களில் தொடக்கிவைத்த வழக்கம். கட்டடம் எதுவும் கிடையாது, கோபுரம் மாதிரி அடுக்கடுக்காக அரித்த பாறைதான். ஆழத்தில் ஆற்றோரம் கிடக்கும் கரும்பாறைக்குப் பெயர் விஷ்ணு சிஸ்ட், வயது ஏறத்தாழ 170 கோடி வருடம். சிவன் கோயில் உச்சியில் தனித்துப்போன விலங்குகள் வேறு விதமாக மாறியிருக்குமோ என்று பார்க்க 1937-ல் நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குழு ஆரவாரமாக ஏறியது. புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. அவர்களுக்கு முன்பே எமரி கோல்ப் என்ற அந்த ஊர்ப் படப்பிடிப்பாளர் சத்தமில்லாமல் ஏறி இறங்கியிருந்தார். கோணேசர் கோயில் பாறையில் ஏறி வளர்ந்த எனக்கு அந்தக் கதையில் கோல்ப்பைத்தான் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றிலும் எது அழகு என்று கேட்டால் என் பதில் சிரிகாவா. அத்தான் ஒத்துக்கொள்ளமாட்டார், அவருக்குச் செடோனா. சிரிகாவா தென்கிழக்கு மூலையில், டூசோனிலிருந்தும் இரண்டு மணித்தியாலம் தாண்டி இருக்கிறது. அந்தத் தூரத்துக்குப் பயந்தே கூட்டம் குறைவு. 2 கோடியே 70 இலட்சம் வருடத்துக்கு முன் ஒரு எரிமலை கக்கிய சாம்பல் இறுகிப் பாறையாகி, பிறகு வெடிப்புகளில் தண்ணீர் புகுந்து உறைந்து உருகிப் பிளந்ததில், ஆயிரக்கணக்கான கல்தூண்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. சிலதின் தலையில் பெரிய கல் ஒன்று, ஒரு தும்மலுக்கு விழுந்துவிடும் போல. எக்கோ கேன்யன் சுற்றுப்பாதை ஐந்து கிலோமீற்றர் சொச்சம். தூண்களுக்கு நடுவில் தோள் உரசப் போகிற இடங்களும் உண்டு, தலைக்கு மேல் கீற்றாகத்தான் வானம். பாதையை 1930களில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசாங்கம் அமைத்த படை ஒன்று வெட்டியது. கல்லை அடுக்கிய விதத்தில் ஒரு நேர்த்தி, தொழில் தெரிந்தவன் நின்று பார்ப்பான். மேலே மசாய் முனை 2,100 மீற்றர் அளவு, ஆகவே வசந்தமும் இலையுதிர் காலமும் தோது.

கோடையில் எங்கே போனாலும் பின்னேர இடிமழையைக் கவனியுங்கள். ஆடியிலிருந்து புரட்டாதி நடுப்பகுதி வரை அங்கே பருவமழை. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எறிக்கும். எங்கேயோ பெய்த மழை ஒடுங்கிய பள்ளத்துக்குள் திடீரென்று வெள்ளமாக வரும். 1997 ஆவணியில் அன்டிலோப் கேன்யனில் 11 பேர் அப்படித்தான் போனார்கள். இப்போது அங்கே நவாஹோ பழங்குடி வழிகாட்டி இல்லாமல் இறங்க முடியாது.

வடகிழக்கே நவாஹோ நிலத்துக்குள் மொனுமென்ட் வெலி மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி மாற்றுவதில்லை. நவாஹோ நிலத்தில் மாற்றுகிறார்கள். அதற்கு நடுவில் இருக்கும் ஹோபி மக்களின் நிலத்தில் மறுபடி மாற்றுவதில்லை. ஒரே றோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது கைபேசி முன்னும் பின்னுமாகத் தாவும். வழிகாட்டிக்குப் பதிவு செய்யும்போதே அது எந்த நேரம் என்று கேட்டு எழுதி வையுங்கள், பிந்திப் போனால் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியதுதான்.