நித்திரைக் குளிசையும் ஐந்து கேள்விகளும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு அன்ரியின் வீட்டு ஹோலில் இருந்து, நித்திரைக் குளிசையில் ஒருவர் எவ்வளவு தங்கியிருக்கிறார் என்று அளக்க நாங்கள் தமிழாக்கிய வினாக்கொத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். முன்னுரையில் 'அமைதியூட்டி மருந்துகளின் துஷ்பிரயோகம்' என்று வந்ததும் அவருடைய முகம் மாறிவிட்டது. "என்ன பிள்ளை, துஷ்பிரயோகம் எண்டு பேப்பரில சின்னப் பிள்ளையளைப் பற்றியெல்லோ போடுறவங்கள்?" என்றார். அமைதியூட்டி என்றால் என்ன என்று அவர் கேட்கவே இல்லை. பக்கத்து மேசையில், டொக்டர் துண்டில் எழுதிக் கொடுத்த டயசிபாம் என்ற அமைதியூட்டியின் அட்டை இருந்தது. அவருக்கு அது 'நித்திரைக் குளிசை', அவ்வளவுதான்.

அந்த முன்னுரையை மொழிபெயர்த்தது நான். முறைப்படி எல்லாம் செய்திருந்தோம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு. திரும்பி வந்தது அச்சொட்டாக மூலம் போலவே இருந்ததால் எங்களுக்கும் சந்தோஷம். ஆனால் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் படித்தவர்கள், ஒரே அகராதியில் வளர்ந்தவர்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனார்கள் என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டியது, அன்ரிக்கு விளங்குமா என்பதை அது தொடவே இல்லை.

நாங்கள் எடுத்திருப்பது எஸ்.டி.எஸ். (Severity of Dependence Scale) என்ற, தங்கியிருத்தல் எவ்வளவு கடுமை என்று பார்க்கும் சிறிய அளவுகோல். ஐந்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 15. 1995இல் வெளிவந்தபோது லண்டனிலும் சிட்னியிலும் ஹெரோயின், கொக்கெயின், அம்ஃபெட்டமின் பாவித்தவர்களிடம் சோதித்திருந்தார்கள். பிறகுதான் டயசிபாம் வகைக் குளிசைகளுக்கும் கொண்டுவந்தார்கள். ஸ்பெயினில் 2000ஆம் ஆண்டு வந்த ஆய்வு ஒன்று 7 அல்லது அதற்கு மேல் என்றால் பிரச்சினை என்று வைத்தது. அந்த 7 கொழும்பில் இருக்கிற கொட்டாஞ்சேனைக்கும் பொருந்தும் என்று யார் சொன்னது?

ஒரு கேள்வி, இதை நிறுத்த வேண்டும் என்று விரும்பியதுண்டா என்று கேட்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோரும் 'ஓம், எப்பவும்' என்கிறார்கள். ஏன் என்று விசாரித்தால் பிரஷர் குளிசையையும் சீனி வருத்தக் குளிசையையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள், மருந்து என்றாலே நிறுத்தத்தான் விருப்பம். அதே நேரம் 'உங்கள் பாவனை கட்டுப்பாட்டை மீறியதாக நினைத்தீர்களா' என்றால் உடனே 'இல்லை, டொக்டர் தந்தது' என்று பதில் வருகிறது, அதை இரவில் இரண்டாகப் போடுகிறவர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். இந்தப் பதில்களைக் கணினியில் போட்டால் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் அல்பா, வழக்கமாகப் போதும் என்று கொள்ளும் 0.7ஐத் தாண்டவும் கூடும். கேள்விகளைப் பிழையாக விளங்கிக்கொண்டாலும் அல்பா நன்றாக வரலாம். அதனால்தான் மனநல மருத்துவர் தனியாக நேர்காணல் செய்து, அந்த முடிவோடு மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் இதைச் செல்லுபடியானது என்று சொல்லவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அப்புறம், 'தமிழ்' என்று ஒரே பெட்டியில் போடவும் முடியாது. யாழ்ப்பாணத்தார் நித்திரை கொள்வார்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள் தூங்குவார்கள். சிங்களப் பக்கம் வேலை செய்கிற தோழி 'நிந்தட்ட பெஹெத்' என்று போட்டதும் அங்கே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் படிவத்தில் இப்போது 'நித்திரைக் குளிசை / தூக்க மாத்திரை' என்று இரண்டும் இருக்கின்றன. துஷ்பிரயோகத்தை எடுத்துவிட்டு, 'டொக்டர் சொன்னதைவிடக் கூடவோ, கனநாளாகவோ எடுப்பது' என்று எழுதினேன். நீளம்தான், ஆனால் யாருக்கும் முகம் மாறவில்லை.

திருத்தியதை எடுத்துக்கொண்டு அதே அன்ரியிடம் திரும்பப் போனேன். ஐந்துக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். பிறகு, "அப்ப இது கூடாதெண்டுதானே கேக்கிறீங்கள், இண்டைக்கே விடுறன்" என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. கனகாலம் எடுத்தவர்கள் திடீரென்று விட்டால் வலிப்பு வரைக்கும் போகலாம், மருத்துவர் பார்த்துப் பார்த்து மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். அரை மணித்தியாலம் இருந்து அதை விளங்கப்படுத்தி, டொக்டரிடம் கேட்காமல் விடமாட்டேன் என்று சொல்ல வைத்த பிறகுதான் எழும்பினேன்.

அன்று இரவே படிவத்தின் கடைசியில், பெரிய எழுத்தில், 'டொக்டரிடம் கேட்காமல் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்' என்று சேர்த்தேன். ஆங்கில மூலத்தின் ஐந்து கேள்விகளுக்குள் அப்படி ஒரு வரி இல்லை.