எச்டிஎம்எல் கோப்பை நேராக எடிட்டரிலேயே திறப்பது: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் செய்து பார்த்தது

எச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்தால் பிரவுசர் திறக்கும். படிக்க அது போதும். ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றால்தான் தொல்லை. எடிட்டரைத் தனியாகத் திறந்து, ஃபைல் மெனுவுக்குப் போய், கண்ணெதிரே இருக்கும் அதே கோப்பை மறுபடி ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடிப் பிடிக்க வேண்டும். என் குறிப்புகள், கையேடுகள் எல்லாமே சாதாரண எச்டிஎம்எல் பக்கங்கள்தான், மூன்று இயங்குதளங்களிலும் மாறி மாறி அவற்றைத் திருத்துகிறேன். அதனால் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ஒரு கட்டளையைத் தட்டினால் அது எழுத்துத் திருத்தும் நிலையிலேயே திறக்க வேண்டும் என்று வேலையை ஆரம்பித்தேன். இப்போது பெரும்பகுதி முடிந்துவிட்டது. செய்ததை எழுதி வைக்கிறேன்.

டபுள் கிளிக்கை மாற்றுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். எச்டிஎம்எல்லுக்கு எடிட்டரையே இயல்பான மென்பொருளாக வைத்துவிட்டால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேறு மென்பொருள்களின் உதவிப் பக்கம், இறக்கி வைத்த ரசீது, யாரோ அனுப்பிய இணைப்பு எல்லாம் எடிட்டருக்குள்தான் போய் விழும். படிக்கத் திறந்ததில் தெரியாமல் ஒரு எழுத்து அழிந்து, அதுவே சேமிக்கவும்பட்டுவிட்டால் அவ்வளவுதான். எனவே திறப்பது பிரவுசர், திருத்துவது தனிக் கட்டளை.

எடிட்டராக நான் எடுத்துக்கொண்டது சீமங்கி என்ற பிரவுசர் தொகுப்பில் இருக்கும் கம்போசர். மூன்று இயங்குதளத்துக்கும் கிடைக்கிறது, பக்கத்தைப் பார்த்தபடியே தட்டச்சு செய்யலாம், கீழே இருக்கும் தாவலைத் தட்டினால் மூல நிரல் தெரியும். பழைய மரபுதான் இது. 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் பிரவுசரிலேயே பார்ப்பதும் திருத்துவதும் ஒரே ஜன்னலில் நடந்தன. 1997-ல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரிலும் கம்போசர் கூடவே வந்தது. 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 எடிட்டர் இல்லாமல் வந்தது. கம்போசர் மொசில்லாவின் பழைய தொகுப்போடு தங்கி, 2006-ல் சீமங்கி என்ற பெயரில் தொடர்ந்தது. பார்ப்பதும் எழுதுவதும் இப்படிப் பிரிந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான். பக்கத்தை வாசிக்கிற எல்லாருக்கும் அதைத் திருத்தும் கருவியும் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

சீமங்கியில் ஒரு வசதி உண்டு. அதை இயக்கும் கட்டளையில் ஒரு சிறு கோடு போட்டு எடிட் என்ற சுவிட்சைச் சேர்த்து, அதற்குப் பின்னால் கோப்பின் பாதையைக் கொடுத்தால் பிரவுசர் ஜன்னல் வராது, கம்போசர் நேராக அந்தக் கோப்போடு திறக்கும். டெர்மினலில் செய்து பார்த்தேன், உடனே திறந்தது. அப்புறம் மீதி இருந்தது ஒன்றே ஒன்று: ரைட் கிளிக் செய்யும் கோப்பின் பெயரை இந்தக் கட்டளையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் இந்த இடத்தில்தான் தனித்தனி வழியில் போகின்றன, என் நேரமெல்லாம் போனதும் இதில்தான்.

விண்டோஸில் சுலபம். கோப்பின் பாதையை அது கட்டளை வரியிலேயே எழுதிக் கொடுத்துவிடும். விண்டோஸ் 8-லிருந்து இயல்பான மென்பொருளைப் பயனர்தான் செட்டிங்ஸில் தேர்ந்தெடுக்க வேண்டும், விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் வெறுமனே எழுதினால் ஏற்காது. ஆனால் ரைட் கிளிக் மெனுவில் கூடுதலாக ஒரு கட்டளை சேர்க்க அந்தத் தடை இல்லை. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கரண்ட் யூசர் கிளைக்குள் சாஃப்ட்வேர், கிளாஸஸ், சிஸ்டம் ஃபைல் அசோசியேஷன்ஸ் என்று இறங்கி, புள்ளியோடு எச்டிஎம்எல் என்ற பெயரில் ஒரு கீ, அதற்குள் ஷெல், அதற்குள் நாம் விரும்பும் பெயரில் ஒரு கீ, அதற்குள் கமாண்ட். அந்தக் கடைசி கீயின் மதிப்பில் சீமங்கியின் முழுப் பாதை, எடிட் சுவிட்ச், அப்புறம் மேற்கோள் குறிகளுக்குள் %1, கோப்பின் பாதை வந்து நிற்கும் இடம் அது. அந்த மேற்கோள் குறிகள் கட்டாயம். இல்லாவிட்டால் பெயரில் இடைவெளி இருக்கும் கோப்பு இரண்டு மூன்று துண்டாக உடைந்து போய்ச் சேரும். இந்தக் கிளையில் எழுதுவதில் இன்னொரு நன்மை, பிரவுசரை நாளைக்கு மாற்றினாலும் நம் கட்டளை அப்படியே இருக்கும், ஏனென்றால் அது கோப்பின் பின்னொட்டோடு கட்டப்பட்டது, பிரவுசரோடு இல்லை. எச்டிஎம் என்று முடியும் கோப்புகளுக்கு இதையே தனியாக இன்னொரு முறை செய்ய வேண்டும்.

விண்டோஸ் 11-ல் இந்தக் கட்டளை முதல் மெனுவில் வராது, கூடுதல் தேர்வுகளைக் காட்டச் சொன்னால் விரியும் பழைய மெனுவில்தான் இருக்கும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் அந்த மெனு நேராகவே வந்துவிடுகிறது. ரெஜிஸ்ட்ரியைத் தொட விருப்பமில்லாதவர்கள் செண்ட் டூ ஃபோல்டரில் ஒரு ஷார்ட்கட் போட்டு, அதன் டார்கெட் வரியின் முடிவில் எடிட் சுவிட்சைச் சேர்த்தாலும் வேலை நடக்கும்.

லினக்ஸில் எல்லாம் எழுத்துக் கோப்புகள் என்பதால் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், அது எனக்கு மிகவும் பிடித்தது. ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப் என்ற பின்னொட்டோடு சின்னதாக ஒரு கோப்பு எழுத வேண்டும். அதில் பெயர், இயக்க வேண்டிய கட்டளை, எந்த வகைக் கோப்புகளுக்கு என்கிற மைம்டைப் வரி. சாதாரண எச்டிஎம்எல்லுக்கு ஒரு வகைப் பெயர், எக்ஸ்எச்டிஎம்எல்லுக்கு வேறு வகைப் பெயர், இரண்டையும் எழுதினேன். முதன்மை மெனுவில் இது தேவையில்லாமல் தெரிய வேண்டாம் என்பதற்கு நோடிஸ்ப்ளே வரியும் சேர்த்தாயிற்று. அந்த வரி இருந்தாலும் 'இதைக் கொண்டு திற' பட்டியலில் கட்டளை வரும். அதன் பிறகு அந்த ஃபோல்டருக்கு டெஸ்க்டாப் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும்.

கூடவே, எந்த வகைக் கோப்பை எது திறக்கும் என்று குறித்து வைக்கும் மைம்ஆப்ஸ் பட்டியல் கோப்பில் இயல்பான மென்பொருள் பகுதியில் பிரவுசரின் பெயரை நானே எழுதி வைத்தேன். அங்கே ஒன்றும் எழுதாமல் விட்டால், எச்டிஎம்எல்லைத் திறப்பேன் என்று சொல்லிக்கொள்ளும் மென்பொருள்களில் எதை எடுப்பது என்பதை டெஸ்க்டாப்பே முடிவு செய்யும், நம் எடிட்டர் முன்னால் வந்து நிற்கவும் கூடும்.

கட்டளை வரியின் கடைசியில் கோப்புக்கு இடம் காட்ட இரண்டு குறிகள் உண்டு. சதவீதக் குறியோடு எஃப் போட்டால் சாதாரணப் பாதை போகும். யூ போட்டால் இணைய முகவரி வடிவம், அதாவது ஃபைல் என்று தொடங்கி, இடைவெளியும் தமிழ் எழுத்துகளும் சதவீதக் குறிகளாக மாறிய நீண்ட சரம். பெயர் தமிழில் இருக்கும் கோப்பை இரண்டு விதத்திலும் திறந்தேன், இரண்டும் திறந்தன, ஆனால் எஃப் வைத்தால் எங்கே சிக்கல் வந்தாலும் பாதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது. அதையே வைத்துக்கொண்டேன்.

சாண்ட்பாக்ஸுக்குள், அதாவது கணினியின் மற்ற கோப்புகளிலிருந்து பிரித்து வைத்த அடைப்புக்குள், ஓடும்படி நிறுவிய வேறொரு எடிட்டரையும் இதே முறையில் இணைத்துப் பார்த்தேன். பக்கம் திறந்தது, எழுத்து இருந்தது, படங்கள் ஒன்றும் இல்லை, ஸ்டைல்ஷீட்டும் இல்லை. முகவரியைப் பார்த்தால் என் ஃபோல்டரே அதில் இல்லை, ரன் ஃபோல்டருக்குள் டாக் என்ற பெயரில் ஏதோ ஓர் இடம். ஃபிளாட்பேக் மாதிரியான முறையில், ஹோம் ஃபோல்டரைப் படிக்க அனுமதி இல்லாத மென்பொருளுக்கு நாம் தேர்ந்தெடுத்த அந்த ஒரு கோப்பு மட்டும்தான் கைக்குப் போகும். பக்கத்திலேயே இருக்கும் படங்கள் அதற்குத் தெரியாது. வேர்டு ஆவணத்துக்கு இது பொருந்தும், ஏனென்றால் எல்லாம் ஒரே கோப்புக்குள் இருக்கிறது. எச்டிஎம்எல் பக்கம் அப்படியில்லை, தன்னைச் சுற்றி இருக்கும் கோப்புகளைச் சேர்த்துத்தான் அது பக்கம். அந்த எடிட்டருக்கு ஃபோல்டர் அனுமதி கொடுத்ததும் படங்கள் வந்துவிட்டன.

மேக்தான் நீண்ட கதை. ஃபைண்டர் ஒரு கோப்பை மென்பொருளிடம் தரும்போது கட்டளை வரியில் எழுதித் தருவதில்லை, 'இந்த ஆவணத்தைத் திற' என்று ஓடும் மென்பொருளுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தியில் எடிட் சுவிட்சைச் செருக இடமே இல்லை. ஆகவே 'இதைக் கொண்டு திற' என்று சீமங்கியைக் காட்டினால் பிரவுசர் ஜன்னல்தான் வரும், அங்கிருந்து கமாண்ட் விசையோடு ஈ தட்டினால் பக்கம் கம்போசருக்குப் போகும். இரண்டே படிதான், பலருக்கு இதுவே போதும். எனக்கு ஒரே படி வேண்டும்.

டெர்மினலில் ஓப்பன் கட்டளைக்கு ஆர்க்ஸ் என்ற சுவிட்ச் உண்டு, அதற்குப் பின்னால் எழுதுவது மென்பொருளுக்குப் போகும். ஆனால் மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அது போகாது, ஜன்னல் முன்னால் வரும், கோப்பு வராது. என் சுவிட்சை ஒழுங்காக வாங்கிக்கொள்ள ஒவ்வொரு முறையும் புதிதாக ஓட வேண்டும், அதற்கு ஆங்கில 'என்' எழுத்துச் சுவிட்ச். புதிதாக ஓடினால் பழைய சீமங்கி அதே புரொஃபைலை, அதாவது தன் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டரை, பிடித்து வைத்திருக்கும். சரி என்று திருத்துவதற்கு மட்டும் தனியாக ஒரு புரொஃபைல் உருவாக்கி, அதன் பெயரையும் கட்டளையில் சேர்த்தேன். பிரவுசர் ஒரு பக்கம் ஓட, கம்போசர் தன் புரொஃபைலோடு தனியாக ஓடியது. இதில் ஒரு வரம்பு இருக்கிறது: அந்தத் திருத்தும் புரொஃபைல் திறந்திருக்கும்போது இரண்டாவது கோப்பை ரைட் கிளிக்கில் அனுப்ப முடியாது, ஓடும் கம்போசரின் ஃபைல் மெனுவிலிருந்துதான் திறக்க வேண்டும்.

கட்டளை தயாரானதும் அதை ஆட்டோமேட்டரில் ஒரு குவிக் ஆக்‌ஷனாகப் போட்டேன். ஃபைண்டரில் தேர்ந்தெடுத்த கோப்புகளைப் பெறு, ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டு, உள்ளீட்டை ஆர்க்யூமென்டுகளாகக் கொடு. கடைசித் தேர்வு முக்கியம், அது முதலில் வேறாக இருக்கும், மாற்றாவிட்டால் கோப்பின் பெயர் ஸ்கிரிப்டுக்கு ஆர்க்யூமென்டாக வந்து சேராது. இப்போது ரைட் கிளிக், குவிக் ஆக்‌ஷன்ஸ், கம்போசர் என்று வரிசையாக இருக்கிறது. முதன்முறை நேராகத் திறந்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

லிப்ரே ஆபீஸையும் மூன்றிலும் பார்த்தேன். எச்டிஎம்எல்லைக் கொடுத்தால் எந்தச் சுவிட்சும் இல்லாமல் ரைட்டர்/வெப் நிலையில் திறந்துவிடும், மேக்கிலும் அப்படியே. ஆனால் சேமிக்கும்போது பக்கத்தைத் தன் முறையில் முழுவதும் மறுபடி எழுதும், தலைப்பகுதியில் தன் பெயரோடு ஒரு ஜெனரேட்டர் வரியும் சேரும். அச்சுக்குப் போகும் தனிப் பக்கங்களுக்கு நல்லது. கையால் எழுதிய நிரலைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

கம்போசரும் ஒன்றும் தொடாமல் விடாது. ஒரு பக்கத்தின் நகலைத் திறந்து, ஒரே ஒரு சொல்லை மாற்றி, சேமித்து, பழையதையும் புதியதையும் டிஃப் கட்டளையில் ஒப்பிட்டேன். நான் மாற்றிய சொல் ஒரு வரி. அதோடு, அட்டவணையில் நான் எழுதாத டிபாடி குறியொட்டு தொடக்கத்திலும் முடிவிலும் முளைத்திருந்தது. இது பிழை இல்லை. எச்டிஎம்எல்லைப் படிக்கும்போதே அட்டவணையின் வரிசைகளுக்கு மேல் அந்த உறுப்பு தானாக உருவாகிவிடும், சேமிக்கும்போது நினைவகத்தில் இருக்கும் அந்த வடிவமே எழுதப்படுகிறது. விருப்பத்தேர்வுகளில் மூல வடிவத்தைக் காப்பாற்று என்பதைத் தேர்ந்தெடுத்தால் மற்ற வரிகளின் இடைவெளியாவது கலையாமல் இருக்கும்.

தமிழ்ப் பக்கங்களுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டியது கேரக்டர்செட் வரி. தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று அறிவிக்காத பக்கத்தை கம்போசர் பழைய மேற்கு ஐரோப்பிய குறியாக்கமாக எடுத்துக்கொள்ளும், தமிழ் இருந்த இடமெல்லாம் உச்சிக்குறி போட்ட ரோமன் எழுத்துகளாகத் தெரியும். அந்த நிலையில் புதிதாகத் தமிழில் தட்டச்சு செய்து சேமித்தால் ஒவ்வொரு எழுத்தும் எண்ணாக எழுதப்படும். 'த' என்ற ஒரே எழுத்து 2980 என்ற எண்ணோடு ஆம்பர்சேண்ட், ஹேஷ், அரைப்புள்ளி என்று நிற்கும். பிரவுசரில் சரியாகத்தான் தெரியும், கோப்புக்குள் தேடினால் ஒரு தமிழ்ச் சொல்லும் கிடைக்காது. அந்த அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும் என்பது விதி, நான் தலைப்பகுதியின் முதல் வரியாகவே வைத்துவிடுகிறேன். அறிவிப்பு இல்லாத பக்கங்களைக் கண்டுபிடிக்க கிரெப் கட்டளையின் பெரிய எல் சுவிட்ச் உதவியது, தேடும் சொல் இல்லாத கோப்புகளை மட்டும் அது பட்டியலிடும். எதிர்பார்த்ததைவிட நிறைய வந்தன. எல்லாவற்றிலும் சேர்த்தாயிற்று.

இன்னும் தீராதது, தளம் உருவாக்கும் கருவிகளுக்காக எழுதிய பக்கங்கள். அவற்றில், இது எச்டிஎம்எல் என்று அறிவிக்கும் டாக்டைப் வரிக்கும் முன்னால் தலைப்பு, தேதி என்று சில வரிகள் இருக்கும். படிக்கும் இயந்திரத்துக்கு டாக்டைப்புக்கு முன்னால் ஒரு சொல் வந்துவிட்டாலே உடல் பகுதி ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. பின்னால் வரும் டாக்டைப்பை அது தள்ளிவிடும், தலைப்பகுதியில் இருக்க வேண்டிய வரிகள் உடலுக்குள் போய்விடும், சேமித்தால் அந்தக் கோலத்திலேயே சேமிக்கப்படும். எனவே ரைட் கிளிக் கட்டளை கம்போசரை நேராகக் கூப்பிடாமல், இடையில் ஒரு சின்ன ஸ்கிரிப்டைக் கூப்பிடும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். கோப்பின் முதல் வரியில் மூன்று சிறு கோடுகள் இருந்தால் அதை எழுத்து எடிட்டருக்கும், இல்லாவிட்டால் கம்போசருக்கும் அனுப்பும். லினக்ஸிலும் மேக்கிலும் ஒரே ஷெல் ஸ்கிரிப்ட், எடிட்டரைக் கூப்பிடும் வரி மட்டும் வேறு, இரண்டிலும் ஓடுகிறது. விண்டோஸுக்கு பவர்ஷெல்லில் எழுதியதில் ஒவ்வொரு முறையும் கறுப்பு ஜன்னல் ஒன்று மின்னி மறைகிறது, அதை நிறுத்திவிட்டு ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் கட்டளையை மாற்ற வேண்டும்.