உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தாதீங்க

நேற்று கோபிச்செட்டிபாளையத்தில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்குப் போயிருந்தேன், அவருடைய செல்போனை மேசையில் வைத்தால் தட்டையாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது, எடுத்துப் பார்த்தால் பின் மூடி ஓரம் ஒரு நெல்மணி நுழையும் அளவுக்குப் பிளந்து, உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கிறது. "ஊசியில ஒரு குத்து குத்துனா காத்து எறங்கிரும் கண்ணு" என்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது.

அது வெறும் காற்று இல்லைங்க. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வரும் வாயு, தீப்பிடிக்கக் கூடியது. லித்தியம் பேட்டரியில் நேர், எதிர்த் தகடுகளை முடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம்தான் பிரித்து வைத்திருக்கிறது. ஊசி அதைக் கிழித்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு சூட்டைக் கிளப்பி, சில நொடிகளில் புகையும் நெருப்பும்தான். கீழே விழுந்து நசுங்கிய பேட்டரியும் அப்படித்தான், உடனே ஒன்றும் ஆகாமல் பிறகு பற்றலாம்.

அதையும் தினம் ராத்திரி பஞ்சு மெத்தையில் தலைமாட்டிலேயே சார்ஜ் போட்டிருக்கிறார்!

போனை அணைத்து, மணல் போட்ட பழைய மண்சட்டியில் வைத்து, வாசலுக்கு வெளியே ஓலை, விறகு எதுவும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். குப்பையிலோ பழைய இரும்புக்காரரிடமோ போடாதீங்க, வண்டியில் நசுங்கினால் அங்கே பற்றும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்களே திரும்பப் பெற ஏற்பாடு செய்ய வேண்டும், விற்ற கடையில் கேளுங்க. திருப்பூர்ப் பக்கம் பனியன் வேஸ்ட் மூட்டைமேல் போனைச் சார்ஜ் போடுகிறவர்கள், இன்றைக்கே இடத்தை மாற்றுங்க.