டம்ப் கோப்பில் ஏறாதவை

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு, டேட்டாபேஸைப் பழைய சேர்வரிலிருந்து புதியதுக்கு மாற்றிக் கொடுத்தேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.6ஆம் பதிப்பிலிருந்து 16க்கு. 9.6க்கான ஆதரவு 2021 நவம்பரோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வருவதில்லை. இதை முதலாளியிடம் பலமுறை சொல்லியிருந்தேன். அவரை அசைத்தது அதுவல்ல, பழைய பெட்டியின் விசிறி போடத் தொடங்கிய சத்தம்தான்.

அந்தப் பெட்டியைக் குறை சொல்லவும் முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாத காலத்தில், யூபிஎஸ் கைவிடும் போதெல்லாம் திடீரென அணைந்து எழும்பிய பெட்டி அது. ஒரு பில் தொலையவில்லை. போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் வால் என்ற பதிவில் எழுதி, அது டிஸ்கில் பதிந்த பிறகுதான் கமிட் ஆயிற்று என்று சொல்லும். எழும்பும்போது அந்தப் பதிவை வாசித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். வேகம் வேண்டுமென்று, எழுதியது டிஸ்கில் பதிந்ததா என்று உறுதிசெய்யும் எஃப்சிங்க் அமைப்பை நிறுத்தி வைக்கச் சொல்லும் அறிவுரைகளைக் கொழும்பில் இருப்பவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

டேட்டாவை மாற்றுவது லேசான வேலை. டேட்டாபேஸின் உள்ளடக்கத்தை ஒரு கோப்பாக இறக்கி, அதாவது டம்ப் எடுத்து, ஏற்ற ஒரு பிற்பகல் போதும். ஒரே கவனம், பழைய சேர்வரில் இருக்கும் பிஜி டம்ப் என்ற டம்ப் கருவியை விட்டு, புதிய பதிப்போடு வரும் பிஜி டம்ப்பால் எடுக்க வேண்டும். 16இன் டம்ப் கருவி 9.2 வரையான பழைய சேர்வர்களோடு பேசும். ஏற்றி முடித்தபோது டேட்டாபேஸின் அளவு பழையதில் பாதிகூட இல்லை. முதலாளியின் மகன் பதறிப்போனார். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வரியை மாற்றினால் பழைய வரி அழிவதில்லை, செத்த வரியாகக் கிடக்கும். வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து அந்த இடத்தை மறுபாவனைக்கு விடும், ஆனால் டிஸ்குக்குத் திருப்பிக் கொடுப்பது அரிது. டம்ப்பில் உயிரோடு உள்ள வரிகள் மட்டுமே ஏறும். அட்டவணைக்கு அட்டவணை வரிகளை எண்ணிக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

இனி, டம்ப்பில் ஏறாதவற்றுக்கு வருவோம். என் நேரமெல்லாம் போனது அங்கேதான்.

முதலில் பயனர்கள். பிஜி டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் எடுக்கும். ரோல்கள், அதாவது பயனர் கணக்குகள், முழுச் சேர்வருக்கும் பொதுவானவை என்பதால் அவை அதில் வராது. பிஜி டம்ப் ஆல் கருவியில் குளோபல்ஸ் மட்டும் என்ற தெரிவைப் போட்டுத் தனியாக எடுத்து, அதை முதலில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் 'அப்படி ஒரு ரோல் இல்லை' என்று திரை முழுக்கப் பிழை ஓடும்.

ரோல் வந்தாலும் உள்ளே நுழைவது வேறு கதை. 14ஆம் பதிப்பிலிருந்து பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் இயல்பான முறை ஸ்க்ராம். பழையவை அதைவிடப் பலவீனமான எம்டி5. நான் புதிய சேர்வரில் ஸ்க்ராம் மட்டும் என்று வைத்து, பாஸ்வேர்டுகளையும் புதிதாகக் கொடுத்தேன். ஒத்திகைக்கு ஒரு கவுண்டரை மட்டும் இணைத்துப் பார்த்தால், ஆதன்டிகேஷன் முறை 10 ஆதரிக்கப்படவில்லை என்று வந்து நின்றது. கவுண்டரில் இருந்தது பில் நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும், ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத ஓடிபிசி டிரைவர். அதற்கு ஸ்க்ராம் தெரியாது. சேர்வரைத் திரும்ப எம்டி5க்கு இறக்கினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் அப்படி இறக்கினதை யாரும் பிறகு ஏற்றுவதில்லை. கவுண்டர் கவுண்டராகப் போய் டிரைவரை மாற்றினேன்.

என்னை மிக அதிகமாக உட்கார வைத்தது நேரம்.

ஒத்திகையின்போது கடையின் கணக்கப்பிள்ளை ஐயா பழைய பில் புத்தகங்களைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றாகத் திகதி சொல்ல, நான் தேட, அவர் சரி பார்க்க. 2010 சரி, 2008 சரி. 2004 மார்ச்சுக்குப் போனதும் திரை வெறுமை. "தம்பி, பில் இங்க கையில கிடக்கு, உங்கட பெட்டியில காணேல்லையே" என்றார். பழைய சேர்வரில் அதே பில் வந்தது.

பில் திகதியை யாரோ வெறும் திகதியாக வைக்காமல், நேர வலயத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப்பாக, நள்ளிரவு 00:00 என்று வைத்திருந்தார்கள். பழைய சேர்வரின் அமைப்புக் கோப்பில் நேர வலயம் கல்கத்தா. இந்தியாவும் நாமும் ஒரே ஐந்தரை மணிதானே என்று எழுதியிருப்பார்கள். புதிய சேர்வர் நிறுவும்போதே இயங்குதளத்தைப் பார்த்துக் கொழும்பு என்று எடுத்துக்கொண்டது. அதுதான் முறையும். ஆனால் 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டால் இலங்கை கடிகாரத்தை மாற்றியது. மே மாதம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னே போனோம், ஒக்டோபரில் ஆறு மணிக்கு வந்தோம், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பினோம். பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுத் திரிந்த காலம் சிலருக்கு நினைவிருக்கும். இந்த வரலாறு முழுவதும் நேர வலய டேட்டாபேஸில் கொழும்பு என்ற பெயரின் கீழ் உண்டு. கல்கத்தாவின் கீழ் இல்லை.

ஆக, கல்கத்தா நள்ளிரவாக ஏறிய 2004 பில், கொழும்பின் கண்ணுக்கு 00:30. நிரல் 'இந்தத் திகதிக்குச் சமமானது' என்று கேட்டால் அது 00:00ஐத் தேடும், கிடைக்காது. 2006 ஏப்ரலுக்குப் பிந்தியவை எல்லாம் ஒழுங்காக வந்ததன் காரணமும் இதுவே. அமைப்புக் கோப்பில் மறுபடி கல்கத்தா என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த முறை மாற்றுகிறவர் இதே குழியில் விழுவார். பில் திகதியை வெறும் டேட் வகைக்கு மாற்றினேன், மாற்றும்போது கல்கத்தா நேரத்தில் வாசித்து. உண்மையில் மணியும் தேவைப்பட்ட மற்ற இடங்களில், முதலில் கல்கத்தா நேரமாக அவிழ்த்து, பிறகு கொழும்பு நேரமாகக் கட்டினேன்.

பெயர்களை வரிசைப்படுத்தும் ஒழுங்கை நான் வேண்டுமென்றே கொண்டுவரவில்லை. பழைய டேட்டாபேஸ் சி என்ற ஒழுங்கில் இருந்தது, அதாவது யூனிகோட் எண் வரிசை. அந்த வரிசையில் நகரத்துக்கு அடுத்து உடனே னகரம். கடனாளிகள் பட்டியலில் கந்தையா, கனகசபை, கமலா என்று வரும். நமக்கு னகரம் கடைசி. கந்தையா, கமலா, கனகசபை என்றுதான் தேடுவோம். 15ஆம் பதிப்பிலிருந்து முழு டேட்டாபேஸுக்கும், ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் ஒழுங்கை வைக்கலாம். டெம்ப்ளேட் 0 என்ற வெற்று அச்சிலிருந்து வெறும் டேட்டாபேஸை அப்படி உருவாக்கி, அதற்குள் டம்ப்பை ஏற்றினேன். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ்கள் புதிய ஒழுங்கிலேயே கட்டப்பட்டன. ஒரு பக்கவிளைவு உண்டு. பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டித் தேடும் லைக் வினவல், சி அல்லாத ஒழுங்கில் சாதாரண இண்டெக்ஸைப் பயன்படுத்தாது. அதற்கென்று டெக்ஸ்ட் பேட்டர்ன் ஓப்ஸ் வகையில் இன்னொரு இண்டெக்ஸ் போட வேண்டியிருந்தது. கணக்கப்பிள்ளை ஐயா பட்டியலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் நான்தான் பிழையாத் தேடுறன் எண்டு நினைச்சன்" என்றார்.

புள்ளிவிபரங்களும் வராது. வினவலுக்கு எந்த வழியில் போவது என்று தீர்மானிக்கும் பிளானருக்கான புள்ளிவிபரம் 16இன் டம்ப்பில் இல்லை. ஏற்றியவுடன், அதைச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டாவிட்டால் அது குருட்டுக் கணக்கில்தான் வழி தேடும். அதை ஓட்டாமல் புதிய சேர்வர் மந்தம் என்று மெமரி வாங்க, கணினிக் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாவுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பேக்கப்பும் அப்படித்தான். இரவு டம்ப் எடுக்கும் ஸ்கிரிப்ட் பழைய கணினியில் குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் குரொன் அட்டவணையில் இருந்தது, டேட்டாபேஸுக்குள் அல்ல. இந்த இடத்தில் நான், நிரலாளர்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் தளத்தை நினைத்துக்கொள்வேன். 2017 ஜனவரி 31இல் அங்கே பிரதான சேர்வரின் டேட்டா தவறுதலாக அழிந்தபோது, நாளாந்த டம்ப் இருக்கிறது என்று நம்பிப் போய்ப் பார்த்தால் எதுவும் இல்லை. சேர்வர் 9.6, டம்ப் கருவி 9.2, அது எடுக்க மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேர டேட்டா போயிற்று. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதனால் இங்கே தோல்விக்கு மட்டுமல்ல, வெற்றிக்கும் செய்தி வரும். காலையில் செய்தி வராவிட்டால் மகன் எனக்குப் போன் அடிப்பார். வார இறுதியில் ஸ்கிரிப்ட் தானாக அந்த டம்ப்பை இன்னொரு டேட்டாபேஸில் ஏற்றி, கடைசி பில் இலக்கத்தை அனுப்பும். இரவு டம்ப் மட்டும் இருந்தால் மாலையில் டிஸ்க் போகும்போது முழுநாள் பில்லும் போகும் என்பதால், டேட்டா கோப்புகளின் முழுப் பிரதியான பேஸ் பேக்கப் ஒன்றும், அதற்குப் பிந்திய வால் கோப்புகளும் மேல்மாடியில் உள்ள வேறு கணினிக்கும் போய்க்கொண்டிருக்கின்றன.

உண்மையான மாற்றத்தைப் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் செய்தோம். மொத்தக் கடைகள் பூட்டு, தெருவில் லொறி இல்லை, வண்டிலைக் கூப்பிட்டு வழிவிடச் சொல்லும் சத்தமும் இல்லை. ஒத்திகையில் எழுதி வைத்த ஒழுங்கிலேயே போனதால் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பழைய சேர்வரை உடனே அணைக்கவில்லை. வரும் இணைப்பு எல்லாவற்றையும் மறுக்கும்படி யார் இணையலாம் என்பதைத் தீர்மானிக்கும் எச்பிஏ கோப்பில் ஒரு வரி போட்டு, ஓட விட்டேன். யார் கதவைத் தட்டினாலும் முகவரி, பயனர், டேட்டாபேஸ் பெயர் மூன்றும் லொக்கில் விழும். கவுண்டர்களிலிருந்து எதுவும் இல்லை. ஆனால் பின்னேரம் நாலு மணி தாண்டியதும் ஒரே முகவரி மட்டும் திரும்பத் திரும்ப. தேடிப் போனால் வங்கி நிலுவை பார்க்கும் ஓர் எக்செல் கோப்பு, சேர்வரின் ஐபி முகவரியோடு, நேரடி இணைப்பில். யாருடைய பட்டியலிலும் அது இருக்கவில்லை. அதைப் புதிய முகவரிக்கு மாற்றி, வாசிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு ரோலையும் கொடுத்தேன். மாத முடிவுக் கணக்கு முடியும் வரை லொக்கைப் பார்த்துவிட்டு, வேறு யாரும் தட்டவில்லை என்றதும் பழைய பெட்டியின் பிளக்கைக் கழற்றினோம்.