எஸ்எம்பிஎஸ் விசிறியின் இரைச்சலும் கருகல் வாடையும்: இதுவரை கண்டறிந்தவை

மேசைக் கணினியை இயக்கிய சில நிமிடங்களில் எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கிப் பெட்டியிலிருந்து கருகல் வாடை எழுவதும், அதன் பிறகே விசிறி கரகரவென்ற இரைச்சலோடு சுழலத் தொடங்குவதும் வழக்கமாகிவிட்டன. விசிறியை மட்டும் மாற்றினால் இரைச்சல் அடங்கிவிடும். ஆனால் வாடை முன்னும் இரைச்சல் பின்னுமாக வந்த வரிசைதான் பழுதின் திறவுகோல் என்று எனக்குத் தோன்றியது.

பவர் ஃபேக்டர் திருத்தம் (மின்னோட்டத்தை இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) இல்லாத இவ்வகைப் பெட்டியில், 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாக்கப்பட்டபின் முதன்மை மின்தேக்கிகளில் மொத்தம் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உயிருக்கு ஆபத்தான அளவில் தங்கியிருக்கலாம். எனவே காப்பிட்ட கிளிப்புகளுடன் 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடையை இணைத்து மின்னூட்டத்தை இறக்கி, மல்டிமீட்டர் சுழியத்தை ஒட்டிக் காட்டிய பிறகே உள்ளே கைவைத்தேன். இந்தப் படியை எவருமே தவிர்க்கக் கூடாது.

விசிறியைத் தனியே கழற்றி, மாற்றத்தக்க மின்வழங்கியில் இணைத்துப் பார்த்தபோது காரணம் தெளிவானது. அச்சைத் தாங்கும் ஸ்லீவ் பேரிங்கின் மசகு வறண்டு அச்சு தளர்ந்திருந்ததால், நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்க அதற்கு ஏறக்குறைய 7 வோல்ட் தேவைப்பட்டது. பெட்டியின் கட்டுப்பாட்டுச் சுற்றோ, குளிர்ந்த நிலையில் சுமார் 5 வோல்ட் மட்டுமே தந்து, வெப்பத் தகட்டிலுள்ள தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் உணரி) சூடேற ஏற அதை உயர்த்தும் வகையைச் சேர்ந்தது. ஆகவே உள்ளே நன்றாகச் சூடேறும் வரை விசிறி அசையாமலே நின்றிருக்கிறது.

காற்றோட்டமில்லாத அந்த இடைவெளியில் வெந்தது, 12 வோல்ட் வெளியீட்டுத் தடத்தில் குறைந்தபட்சச் சுமைக்காக வைக்கப்பட்ட 220 ஓம் மின்தடை. கணக்கிட்டால் அதில் விரயமாவது 0.65 வாட் மட்டுமே; என்றாலும் 1 வாட் மின்தடையைப் பலகையோடு ஒட்டிப் பொருத்தியிருந்ததால், அதன் பூச்சு கருகி, அடியில் பலகையும் பழுப்பேறியிருந்தது. வாடையின் ஊற்று இதுவே. அருகிலிருந்த 2200 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் மின்தேக்கியின் தலையும் உப்பியிருந்தது. மின்பகுதிரவ மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. சூடான மின்தடையை ஒட்டி அதை வைத்த வடிவமைப்பை என்னால் ஏற்க இயலவில்லை.

அதே அளவு ஓம் கொண்ட 2 வாட் மின்தடையைக் கால்களை நீளமாக விட்டுப் பலகைக்கு மேலே தூக்கிப் பொருத்தினேன். மின்தேக்கிக்கு 105 டிகிரி தாங்கும், உள்தடை குறைந்த வகையைத் தேர்ந்தெடுத்தேன். புதிய விசிறி பால் பேரிங் கொண்டது; வாங்கும்போது சுற்று வேகத்தைவிட, அது 5 வோல்ட்டுக்குக் கீழேயே தொடங்குமா என்பதையே முதலில் பார்த்தேன்.

குண்டு பல்பைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுத்தபோது, இழை ஒருகணம் ஒளிர்ந்து மங்கியது. குறுக்குச் சுற்று இல்லை என்று உறுதியானதும் பல்பை நீக்கி, பெட்டியை இயங்கச் செய்யும் பச்சைக் கம்பியைத் தரைக் கம்பியான கறுப்போடு இணைத்து, வெளிச் சுமையுடன் ஓடவிட்டேன். விசிறி உடனே சுழன்றது. 12 வோல்ட் தடத்தின் சிற்றலை (நேர்மின்னழுத்தத்தில் எஞ்சும் ஏற்ற இறக்கம்), கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறை அனுமதிக்கும் 120 மில்லிவோல்ட்டில் பாதியைக்கூட எட்டவில்லை. பழுப்பேறிய இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்திருக்கிறேன்; அங்கே கரி படிந்து பலகையின் செப்புத் தடங்களுக்கிடையே மின்கசிவு உண்டாகிறதா என்று அளந்து பார்த்த பிறகே பெட்டியைக் கணினியில் திரும்பப் பொருத்தப் போகிறேன்.